சாகாவரமும் சாகாக் கடனும்: கண்டி மலைநாட்டை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

1

சாகாமை பற்றிய விசாரணை பொதுவாக மெய்யியலாருக்கும் சமயவாதிகளுக்குமே உரியதாகக் கருதப்பட்டு வந்துள்ளது. என்றென்றும் வாழ்தல் வரமா, சாபமா என்ற வினா எழுப்பப்படும்போது, வினவப்படுபவன் காலமும் இடமும் வர்க்கமும் அற்ற ஒரு தனிமனிதனாகவே கற்பிக்கப்படுகிறான். அவன் எதனை உண்பான், எவருடைய நிலத்தில் உழைப்பான், எவருக்குக் கடன்பட்டிருப்பான் என்பன கேட்கப்படுவதில்லை. இவற்றைக் கேளாது விடுத்துச் சாகாமையின் நன்மை தீமைகளை நிறுத்துப் பார்ப்பது வெறுங்கற்பனையாகவே முடியும். வாழ்க்கை என்பது எப்போதும் குறிப்பிட்ட சமூக உறவுகளுக்குள் வாழப்படும் ஒன்றாதலின், அதன் முடிவின்மையும் அவ்வுறவுகளின் முடிவின்மையாகவே அமையும்.

இக்கட்டுரை அவ்வினாவைக் கண்டி நகரையும் அதனைச் சூழ்ந்த பெருந்தோட்டங்களையும் களமாகக் கொண்டு ஆராய முற்படுகிறது. இத்தேர்வு தற்செயலானதன்று. மன்னர் மாண்டபோதும் மாளாத அரசுரிமையின் அடையாளமாகப் புத்தரின் புனித தந்தம் போற்றப்பட்டு வந்த நகர் கண்டி. நிலையாக இருக்க வேண்டும் என்னும் வேட்கையே துன்பத்தின் காரணங்களுள் ஒன்று எனக் கூறும் பௌத்த சிந்தனையும் இங்கேயே வேரூன்றியுள்ளது. தலதா மாளிகைக்கு அண்மையிலேயே பத்தினி தேவாலயம் உள்ளது. மதுரையில் நீதி கேட்ட கண்ணகி, தமிழும் சிங்களமும் கலந்த வழிபாட்டு மரபொன்றின் வழியாக இந்நகரின் காவல் தெய்வங்களுள் ஒருத்தியாயினாள். சாகாமை இங்கு மூன்று வடிவங்களில் அருகருகே நிற்கிறது: அதிகாரத்தின் சாகாமை, சாகாமையின் மறுப்பு, அநீதிக்கு எதிரான நினைவின் சாகாமை. நான்காவது வடிவமொன்றும் உண்டு. அது மாளிகைகளிலோ தேவாலயங்களிலோ காணப்படுவதில்லை. தோட்டத்துக் கணக்கேடுகளில் காணப்படுவது. அதுவே நமது ஆய்வின் மையம்.

2

தமிழ் இலக்கிய மரபு சாகாமையை எவ்வாறு நோக்கியது என்பதை முதற்கண் சுருக்கமாகக் காண்போம். புறநானூற்றின் 182ஆம் பாடல், கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி என்ற அரசனின் பெயரால் வழங்குவது. இந்திரனுக்குரிய அமிழ்தமே கிடைப்பினும் அதனைத் தனித்து உண்ணாத மாந்தர் இருப்பதனாலேயே உலகம் நிலைபெற்றுள்ளது என்பது அதன் கருத்து. சாகாமருந்தைப் பெறுவதா விடுவதா என்பது அங்கு வினாவாகவே எழவில்லை. தனித்து உண்பதா பகிர்ந்து உண்பதா என்பதே வினா. அதியமான் நெடுமான் அஞ்சி தனக்குக் கிடைத்த அரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாது ஔவையாருக்கு அளித்த செய்தியும் (புறம் 91) இத்தன்மையதே. பெற்றதைப் பகிர்ந்தளிப்பதிலேயே தலைவனின் தலைமை தங்கியிருந்த இனக்குழு வாழ்வின் எச்சங்கள் இப்பாடல்களில் புலப்படுகின்றன எனலாம். வேந்தர் எழுச்சியோடு அப்பகிர்வு முறை சிதைந்துகொண்டிருந்த காலத்தில், அது ஓர் அறமாக நினைவுகூரப்பட்டமை நோக்கற்பாலது.

இச்சிந்தனையின் அடுத்த படியினை மணிமேகலையில் காண்கிறோம். அமுதசுரபி உண்டவரைச் சாகாது காக்கும் கலமன்று. பசித்தவருக்கு உணவு குறையாது சுரக்கும் கலம். தேவரின் அமுதம் இங்கு மண்ணுக்கு இறங்கி, பசிப்பிணி மருந்தாகிவிடுகிறது. ஆபுத்திரன் கதை இதனை மேலும் கூர்மைப்படுத்துகிறது. பஞ்சம் நீங்கி நாடு செழித்தபின் அவனது பாத்திரத்தை நாடி வருவார் எவருமில்லை. மரக்கலத்திலிருந்து இறங்கியவன் மணிபல்லவத் தீவில் தனித்து விடப்படுகிறான். கையிலோ என்றும் வற்றாத உணவுக்கலம். அவன் விரும்பியிருந்தால் தன் உயிரை அங்கே நெடுநாள் ஓம்பியிருக்கலாம். ஆயினும், பல்லுயிர் காக்கும் பாத்திரத்தைக் கொண்டு தன்னுயிர் ஒன்றை மட்டும் காத்தல் தகாதெனக் கருதிக் கோமுகிப் பொய்கையில் அதனை விடுத்து, உண்ணாதிருந்து உயிர் நீக்கிறான்.

வரமும் சாபமும் ஒரே பொருளில் உறைந்திருப்பதை இதனைவிடத் தெளிவாகக் காட்டும் கதை நம் இலக்கியத்தில் அரிது. பாத்திரம் மாறவில்லை, அதன் ஆற்றலும் குன்றவில்லை. மாறியது அதனைச் சூழ்ந்த மனித உறவே. உறவு அற்றபோது வற்றாமையே பொறுக்கவொண்ணாததாயிற்று.

3

இனி 1867ஆம் ஆண்டுக்கு வருவோம். அவ்வாண்டில், ஒன்றோடொன்று நேர்த்தொடர்பற்ற மூன்று நிகழ்ச்சிகள் இடம்பெற்றன. வடலூரில் இராமலிங்க அடிகள் சத்திய தருமசாலையைத் தொடங்கி, பசித்தோருக்கு உணவிடும் அடுப்பினை ஏற்றினார். கொழும்பிலிருந்து வந்த புகையிரதப் பாதை கண்டியை எட்டியது. கண்டிக்குத் தெற்கே ஹேவாஹெட்டப் பகுதியின் லூல்கந்துர தோட்டத்தில், ஜேம்ஸ் டெய்லர் என்னும் ஸ்கொத்லாந்தியர் 19 ஏக்கரில் தேயிலையைப் பயிரிட்டார்.

மூன்றும் ஒரே வரலாற்றுச் சூழலின் வெவ்வேறு முகங்கள். காலனித்துவ ஆட்சியின்கீழ்த் தமிழகத்தின் வேளாண்மை நெருக்கடிக்கு உள்ளாகி, நிலமற்றோரும் தாழ்த்தப்பட்ட சாதியினரும் பஞ்சத்துக்கு முகங்கொடுத்துக்கொண்டிருந்தனர். அம்மக்களின் பசியை வடலூரில் ஒருவர் உணவளித்துத் தணிக்க முனைந்தார். கண்டி மலைகளிலோ அப்பசி மலிவான உழைப்பாக மாற்றப்பட்டது. திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, புதுக்கோட்டை முதலிய பகுதிகளிலிருந்து புறப்பட்டோர் கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, காடுகளினூடே மாத்தளை வரை நடந்தனர். கொள்ளைநோயும் காய்ச்சலும் பட்டினியும் வழிநெடுகிலும் அவர்களைக் கொன்றன. 1841 முதல் 1848 வரை வந்தோரில் நான்கில் ஒரு பங்கினராகிய 70,000 பேர் மாண்டிருக்கலாம் என 1849இல் 'கொழும்பு ஒப்சேவர்' இதழ் மதிப்பிட்டது. இத்தொகை மிகையானது என வாதிட்ட வரலாற்றாசிரியரும் உளர். ஆனால் இறந்தோர் தொகையே விவாதத்துக்குரியதாக நிற்கின்றமை கவனத்துக்குரியது. எண்ணத்தக்கவர்களாக அவர்கள் கருதப்பட்டிருப்பின் அவ்விவாதத்துக்கு இடமே இருந்திராது.

இராமலிங்கர் (1823-1874) மரணமிலாப் பெருவாழ்வு பற்றிப் பேசியவர். அதனை வெறும் மறைஞானமாகக் கொண்டு ஒதுக்கிவிடுவது முற்போக்காளர் பலரின் வழக்கம். எனினும் அவரது சிந்தனையில் சாகாமைக்கான பாதை சீவகாருணியத்தினூடாகவே செல்கிறது. சீவகாருணியத்தின் முதன்மைச் செயலோ பசி நீக்குதல். பசியால் சாகும் மனிதனைக் கடந்துசென்று சாகாநிலையை அடைதல் இயலாது என்ற எண்ணம் அதனுள் அடங்கியுள்ளது. பசியின் பொருளியற் காரணங்களை அவர் ஆராய்ந்தார் என்று கூறமுடியாது. அவரது தீர்வு அருளை நம்பியிருந்தது. உற்பத்தி உறவுகளை அது தொடவில்லை. இருந்தும், சாகாமையை அரண்மனையிலிருந்து மீட்டு அடுப்பங்கரைக்குக் கொணர்ந்தமை சிறிய செயலன்று.

4

கண்டியில் தலதா மாளிகைக்கு அண்மையில், அரும்பொருட்காட்சியகத்துக்குப் பின்புறம், பிரித்தானியப் படையினரின் பழைய இடுகாடு உள்ளது. 1815இல் கண்டி வீழ்ந்த சில ஆண்டுகளிலேயே அது தொடங்கப்பட்டது. கண்டி உடன்படிக்கையை உருவாக்குவதில் முதன்மை வகித்த சேர் ஜோன் டொயிலி 1824இல் இறந்து இங்கு அடக்கம் செய்யப்பட்டார். 1856இல் காட்டு யானையால் கொல்லப்பட்ட ரொபர்ட்சன் என்பாரின் கல்லறையும் இங்குண்டு. இலங்கையில் அவ்வாறு மாண்ட ஐரோப்பியருள் ஏழாமவர் அவர் எனக் கணக்கிடப்பட்டுள்ளது. கல்லறைகளை வாசித்துச் செல்வோர் பலரின் வயதைக் கண்டு திகைப்பர். குழந்தைகளும் இளைஞருமே மிகுதி. ஆள்வோரையும் காய்ச்சல் விட்டுவைக்கவில்லை. ஆனால், யானையால் இறந்த ஏழு ஐரோப்பியரையும் வரிசையிட்டு எண்ணி வைத்த அதே சமூகம், வடபாதையில் மாண்ட தொழிலாளரை ஆயிரக்கணக்கில் உத்தேசமாகவே அறிந்திருந்தது. இறப்பு எல்லோரையும் சமமாக்குகிறது என்பது பழமொழிக்குப் பொருந்தலாம், வரலாற்றுக்குப் பொருந்தாது.

ஜேம்ஸ் டெய்லர் 1892ஆம் ஆண்டு மே மாதத்தில், தமது 57ஆம் வயதில் இறந்தார். நாற்பது ஆண்டுகள் லூல்கந்துரவில் உழைத்த அவரை, இறப்பதற்குச் சற்று முன்னர் தோட்ட உரிமையாளரான கம்பனி பணியிலிருந்து விலக்க முனைந்திருந்தது. அவரது உடலைத் தொழிலாளர் இருபத்துநால்வர், பன்னிருவர் கொண்ட இரு குழுக்களாக மாறிமாறிச் சுமந்து, மலையிறங்கிக் கண்டிக்குக் கொணர்ந்தனர் எனக் கூறப்படுகிறது. மஹய்யாவ இடுகாட்டிலுள்ள அவரது கல்லறை அவரைத் தேயிலைத் தொழிலின் முன்னோடி எனப் போற்றுகிறது. சுமந்தவர்களின் பெயரை எக்கல்லும் தாங்கவில்லை.

இங்கு ஒன்றைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். டெய்லர் மாண்டார், தொழிலாளரும் மாண்டனர், மாளாது நின்றது கம்பனி. சட்டத்தின் பார்வையில் கம்பனி என்பது ஓர் ஆள். ஆனால் சாவில்லாத ஆள். பங்குதாரர் இறக்கலாம், இயக்குநர் மாறலாம். அதன் தொடர்ச்சி அறாது. முதலாளித்துவம் சித்தர்கள் தேடிய காயகற்பத்தைச் சட்டப் புத்தகத்திலே கண்டெடுத்தது எனலாம். உயிருள்ள உழைப்பை உறிஞ்சி வாழும் இறந்த உழைப்பாக மூலதனத்தைக் கார்ல் மார்க்ஸ் உருவகித்தமை இவ்விடத்தில் நினைவுக்கு வரும். சாகாமை உண்மையாகவே எய்தப்பட்ட ஓர் இடம் உண்டாயின், அது இதுவே. கோப்பி 1869இல் தோன்றிய இலைநோயினால் அழிந்தபோதும் மூலதனம் அழியவில்லை. சிங்கோனாவாகவும் தேயிலையாகவும் உடல் மாறிற்று. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் முகாமைத்துவம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. லயன் அறைகள் அனைத்துக்கும் சாட்சியாக நின்றன.

5

மூலதனத்தின் சாகாமைக்கு இணையாகத் தொழிலாளிக்கும் ஒரு சாகாமை வழங்கப்பட்டது. அது கடன். தமிழகத்துக் கிராமத்தில் கங்காணி கொடுத்த முற்பணத்தோடு கடன் பிறந்தது. பயணச் செலவு, அரிசி, கம்பளி, திருமணம், சாவு என ஒவ்வொன்றும் அதனை வளர்த்தது. தோட்டம் மாற விரும்பும் கூட்டத்துக்குத் துரை எழுதிக் கொடுத்த சீட்டுக்குத் 'துண்டு' என்பது பெயர். இத்தனை ரூபா தரப்படின் இத்தனை ஆட்களை விடுவிப்பேன் என்பதே அதன் சாரம். தோட்டங்களுக்கிடையே ஆட்களுக்கான போட்டி பெருகப் பெருகத் துண்டின் தொகையும் பெருகிற்று. கடன் ஆளின் விலையாயிற்று. கணக்கு தனியாள் பெயரில் நின்றதிலும் கூட்டத்தின் பெயரிலேயே நின்றது. ஆகவே ஒருவன் இறப்பினும் அவனுக்கெனக் கங்காணி பெற்ற பணம் தோட்டத்துக் கணக்கிலிருந்து நீங்கிவிடவில்லை. எஞ்சியோரின் உழைப்பிலிருந்தே அது ஈடுசெய்யப்படல் வேண்டியிருந்தது. மனிதன் செத்தான், கடன் உயிரோடிருந்தது.

இதற்குச் சட்டத்தின் காவலும் இருந்தது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, முன்னறிவித்தலின்றி வேலையை விட்டகலுதல் சிறைத் தண்டனைக்குரிய குற்றம். ஓடிப்போதல் குற்றம், இருந்து மாள்தல் கடமை என்ற நிலை இது. துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1927இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. இவற்றின் பின்னணியில் இந்திய அரசியலின் அழுத்தம் இருந்தது. அதன்பின், உரிமை கோரும் குரலைத் தோட்டங்களுக்குள் கொண்டுசென்றதில் கோ. நடேசய்யரும் மீனாட்சி அம்மாளும் ஆற்றிய பணி பெரிது.

இந்நிலையில் வாழ்ந்த ஒருவனிடம் சென்று, நீ என்றென்றும் இருப்பாய் என ஒரு தெய்வம் வரமளித்திருப்பின், அதனை அவன் எவ்வாறு கேட்டிருப்பான்? முடிவற்ற வாழ்வு என்றால் முடிவற்ற பேர்ப்போடுதலும் முடிவற்ற பெரட்டுக்களமும் அடைபடாத கடனுமே அவனுக்கு அர்த்தமாயிருக்கும். அசுவத்தாமன் பெற்ற சாகாமை சாபம் என மகாபாரதம் கூறுகிறது. அச்சாபத்தின் பொருளை விளங்கிக்கொள்ளத் தோட்டத் தொழிலாளிக்கு உரையாசிரியர் தேவைப்பட்டிருக்க மாட்டார்.

தோட்டங்களில் மாசி மாதத்தில் நிகழும் காமன் கூத்து இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. சிவனின் நெற்றிக்கண்ணால் எரிந்த மன்மதன், இரதியின் வேண்டுதலால் மீண்டும் உயிர் பெறுகிறான். ஆனால் அவள் கண்ணுக்கு மட்டுமே தெரிவான். தஞ்சைப் பகுதியின் லாவணி மரபில் காமன் எரிந்தானா எரியவில்லையா என இரு கட்சிகளாக நின்று வாதிடுவர். மலைநாட்டில் இக்கூத்து தோட்டமே ஒன்றுகூடி ஆடும் நிகழ்வாக வளர்ந்தது. அகாலத்தில் கணவனை இழந்த பெண்கள் நிறைந்த சமூகமொன்றில் இரதியின் புலம்பல் வெறும் புராணமாக நின்றிருக்க இயலாது. மீண்டவன் முழுமையாக மீளவில்லை என்பதை மறைக்காத கதை அது. மக்கள் கலை தரும் ஆறுதலில் உண்மையும் இருந்தது.

6

நடுகல் தமிழரின் பழைய சாகாமை முறை. ஆநிரை மீட்டு மாண்ட வீரனுக்குப் பெயரும் பீடும் எழுதிக் கல் நாட்டினர். தேயிலையின் கீழ்ப் புதைந்தோருக்கு அத்தகைய நினைவுச்சின்னம் எதுவும் எழவில்லை. இப்பொருளையே சி. வி. வேலுப்பிள்ளை (1914-1984) தேயிலைத் தோட்டம் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நெடுங்கவிதையில் பாடினார். அது அழகியல் சார்ந்த ஒரு துயரம் மட்டுமன்று என்பதைப் பின்வந்த வரலாறு காட்டியது.

1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம், வம்சாவளிப் பிரஜை எனத் தன்னை நிறுவ விரும்பியவரிடம், தந்தை இலங்கையிற் பிறந்தமைக்கோ, அன்றேல் பாட்டனும் முப்பாட்டனும் இலங்கையிற் பிறந்தமைக்கோ சான்று கோரியது. சட்டம் இறந்தோரைச் சாட்சிக்கு அழைத்தது. அவர்களோ பெயரின்றிப் புதைக்கப்பட்டிருந்தனர். பிறப்பும் இறப்பும் ஒழுங்காகப் பதியப்படாத ஒரு சமூகத்திடம் மூன்று தலைமுறைப் பதிவைக் கேட்டதன் விளைவு யாவரும் அறிந்ததே. 1964ஆம் ஆண்டு ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேர் பற்றிய முடிவு 1974 வரை தள்ளிவைக்கப்பட்டது. 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை, நாடற்றோர் என்ற நிலை முற்றாக நீங்கவில்லை. உயிரோடிருந்தும் சட்டத்தின்முன் இல்லாதோராய் வாழ்ந்த அவர்களது நிலையையும், உயிரின்றியும் சட்டத்தின்முன் என்றும் வாழும் கம்பனியின் நிலையையும் அருகருகே வைத்து நோக்கினால், சாகாமை எவருக்கு எதனால் கிட்டுகிறது என்பது புலனாகும். முன்னோரின் பெயரைக் காத்தல் பழமைப்பற்று எனச் சிலர் கருதுவர். இம்மக்களுக்கோ அது வாக்குரிமையாக, நிலத்தின்மீதான உரிமையாக இருந்தது, இன்றும் உள்ளது.

7

ஒரு மறுப்பினை இங்கு எதிர்கொள்ளல் வேண்டும். கடனும் சுரண்டலும் ஒழிந்த சமுதாயத்தில் சாகாமை வரமாகிவிடுமா? சமூகக் கொடுமைகளைக் காட்டி மெய்யியல் வினாவைத் தட்டிக்கழித்தல் நேர்மையாகாது. 1844ஆம் ஆண்டின் கையெழுத்துப் பிரதிகளில் மார்க்ஸ், இறப்பானது தனியாள்மீது மனித இனம் பெறும் கடுமையான வெற்றிபோலத் தோன்றுவதைக் குறிப்பிட்டார். அக்கடுமையை எந்தப் பொருளியல் அமைப்பும் முற்றாக நீக்கிவிடாது. தாயை இழந்தவனின் துயர் வர்க்கமற்ற சமுதாயத்திலும் துயராகவே இருக்கும். அதே வேளை, எவரும் விலகாத உலகில் பிறப்போருக்கு இடமிராது. முந்திய தலைமுறையின் வழக்கமும் உடைமையும் அசையாது நிற்கும். மாற்றம் என்பதே அரிதாகும். ஆதலின் முடிவின்மையை இலட்சியமாகக் கொள்வதற்கில்லை.

அகால மரணமோ வேறு. அது இயற்கையின் விதி அன்று. தவிர்க்கப்படக்கூடியது என்பதை இந்நாட்டின் வரலாறே மெய்ப்பித்துள்ளது. 1946இல் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 20 ஆக இருந்த இறப்பு வீதம் 1947இல் ஏறத்தாழ 14 ஆகக் குறைந்தது. மலேரியா ஒழிப்பும் பொதுச் சுகாதார சேவையின் விரிவும் இதற்குக் காரணங்கள். எந்தத் தவத்தாலும் பெறப்படாத ஆயுள், பொதுச் செலவினால் சில ஆண்டுகளிற் பெறப்பட்டது. அப்பேறு தோட்டங்களைப் பிந்தியே எட்டியது என்பதும், அங்கு சிசு மரணம் நாட்டின் ஏனைய பகுதிகளைவிட நெடுங்காலம் உயர்ந்திருந்தது என்பதும், ஆயுளும் பங்கீட்டுக்கு உட்பட்ட பொருளே என்பதைக் காட்டும். இன்று மேலைநாட்டுப் பெருஞ்செல்வர் சிலர் முதுமையை வெல்லும் ஆராய்ச்சிகளில் பெரும்பணம் இடுகின்றனர். இந்திரனின் அமிழ்தத்தைத் தனித்து உண்ணும் முயற்சியாகவே அது அமைந்தால், இளம்பெருவழுதியின் அளவுகோல் அதற்கும் பொருந்தும்.

எனவே சாகாமை வரமா சாபமா என்ற வினாவுக்கு நமது விடை இதுவே: பகிரப்படாத வாழ்வு நீளுமளவுக்குச் சாபமாகும், பிறருக்குச் சொந்தமான வாழ்வு அதனினும் கொடிய சாபமாகும், எல்லோருக்கும் நிறைவாக வாய்க்கும் வாழ்வு, முடிவுடையதாயினும், வரமே. மரணத்தை ஒழித்தல் நம் கையில் இல்லை. பெயரற்ற மரணத்தை ஒழித்தல் நம் கையில் உண்டு. தோட்டத்துப் பழைய செக்ரோல் ஏடுகள் கறையானுக்கு இரையாகின்றன. முதியோர் ஒவ்வொருவராய் மறைகையில், கூட்டங்களின் பூர்வீகம் பற்றிய அவர்களது நினைவும் உடன்மறைகிறது. கண்டியைச் சூழ்ந்த மலைகளில் தமிழ் பயிலும் மாணவர் விடுமுறைக் காலங்களிலாவது அப்பெயர்களைக் கேட்டு எழுதத் தொடங்குவாராயின், டெய்லரைச் சுமந்த தோள்களுக்கும் ஒருநாள் ஒரு கல் எழக்கூடும்.